முறுக்கிய கோபுரத்தின் கண்ணாடித் தோல்: கிராஸ்ஹாப்பரில் பேனல் எல்லாம் திருகிக்கொள்கிறது

புதுவரைவு

வணக்கம். பயிற்சிக்காக 40 மாடிக் கோபுரம் ஒன்றை ரைனோ என்ற முப்பரிமாண மென்பொருளிலும், அதற்குள் விதிகளால் வடிவம் உண்டாக்கும் கிராஸ்ஹாப்பரிலும் வரைகிறேன். ஒரு மாடி 3.6 மீட்டர். தரைப்படம் முனை மழுங்கிய முக்கோணம். அடியிலிருந்து உச்சி வரை மொத்தம் 60 டிகிரி முறுக்கு, மேலே போகப் போகக் கொஞ்சம் ஒடுங்குகிறது. அடியில், நடுவில், உச்சியில் என்று மூன்று வளைகோடு போட்டு லாஃப்ட் செய்து (மூன்றையும் இணைத்து ஒரே பரப்பாக்கி), அந்தச் சர்ஃபேஸை யூவி முறையில், அதாவது அதன் மேலேயே ஓடும் இரு திசைக் கோடுகளால், பிரித்துப் பேனல் ஆக்கினேன்.

படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பேனலின் கிடைக்கோடும் ஸ்லாப் விளிம்பும் எங்குமே ஒத்துப்போகவில்லை. பேனல் அகலம் ஒரு இடத்தில் 1.2 மீட்டர், இன்னோர் இடத்தில் 1.9. ஒரு பேனல்கூடத் தட்டையாக இல்லை. லண்டனின் கெர்கின் கோபுரத்தில் உச்சிக் கண்ணாடி ஒன்றுதான் வளைந்தது, மற்றதெல்லாம் தட்டைக் கண்ணாடி என்கிறார்கள். அவ்வளவு முறுக்கிய கட்டடத்தில் அது எப்படி முடிந்தது? நான் எங்கே ஆரம்பிக்க வேண்டும்?

மாடிக்கோடு

லாஃப்டிலிருந்து ஆரம்பித்தால் பிறகு என்ன செய்தாலும் சரியாக வராது. யூ, வி என்பவை அந்தச் சர்ஃபேஸின் உள்கணக்கு மட்டும். மூன்று வளைகோட்டின் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் எங்கே நெருங்கியிருக்கின்றனவோ அங்கே பிரிவுகளும் நெருங்கும், அகலம் மாறுவது அதனால்தான். கட்டடத்துக்கு யூவி தெரியாது, மாடி மட்டம்தான் தெரியும்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மாடியிலிருந்து தொடங்குங்கள். 0, 3.6, 7.2 என்று உயரங்களின் லிஸ்ட் ஒன்று. ஒவ்வொரு உயரத்திலும் தரைப்படத்தை நகல் எடுத்து, அந்த மாடிக்குரிய அளவுக்குச் சுருக்கி, அந்த மாடிக்குரிய கோணத்துக்குச் சுழற்றுங்கள். இப்போது கையில் இருப்பது 41 ஸ்லாப் விளிம்புகள். பேனலின் மேல் கீழ் மூலைகள் இந்த விளிம்புகளில் மட்டும்தான் உட்கார வேண்டும். சர்ஃபேஸ் வேண்டுமென்றால் கடைசியில் ரெண்டர் எடுக்க ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் தரைப்படத்தை ஃப்ரீ வளைகோடாக வரையாதீர்கள். மூன்று பெரிய வில், மூன்று சிறிய வில், சேருமிடத்தில் தொடுகோடு ஒத்துப்போகட்டும். இரண்டே ஆரம்தான் என்பதால் ஒரு மாடிக்குள்ளாவது பேனல்கள் திரும்பத் திரும்ப வரும்.

கண்ணாடிக்கட்டு

கெர்கினைப் பற்றிக் கேட்டீர்கள், அதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அந்தக் கட்டடம் பார்ப்பவர் எல்லோரையும் ஒரு விஷயத்தில் ஏமாற்றுகிறது. அதன் உடம்பு முறுக்கியதே இல்லை.

30 செயின்ட் மேரி ஆக்ஸ் என்பது அதன் முகவரிப் பெயர். ஃபாஸ்டர் அலுவலகத்தின் வடிவமைப்பு, கட்டமைப்புப் பொறியியல் அரூப், 180 மீட்டர் உயரம், 2004-இல் திறந்தார்கள். எந்த மாடியில் வெட்டிப் பார்த்தாலும் வெளி எல்லை வட்டம்தான். வட்டத்தை எத்தனை டிகிரி சுழற்றினாலும் அதே வட்டம். அங்கே சுழல்வது உள்ளே: ஒவ்வொரு மாடியிலும் ஓரத்தில் ஆறு முக்கோண வெட்டுகள் விட்டிருக்கிறார்கள், வெளிச்சத்துக்கும் காற்றோட்டத்துக்கும். ஒவ்வொரு மாடியும் கீழ்மாடியைவிட 5 டிகிரி திரும்பியிருப்பதால் அந்த வெட்டுகள் சுருளாக மேலேறுகின்றன, அந்த இடத்தில் கண்ணாடியும் சற்றுக் கருமையான நிறம். ஆக, முறுக்கு கண்ணாடியின் கோலத்தில் இருக்கிறது, தோலின் வடிவத்தில் இல்லை.

இதனால் கிடைக்கும் லாபம் பெரியது. இணையான இரண்டு கோடுகள் எப்போதும் ஒரே சமதளத்தில்தான் இருக்கும், இது பள்ளிக்கூட வடிவியல். வட்டச் சுழற்சி வடிவத்தில், முறுக்கில்லாமல், மாடிக்கு மாடி நாலுமூலைப் பேனல் போட்டால் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் இணை. அதனால் ஒவ்வொன்றும் தானாகவே தட்டையான சரிவகம். கோபுரம் எவ்வளவு உப்பியிருந்தாலும் சரி, ஒடுங்கினாலும் சரி. அதற்கும் மேலே, ஒரு மாடியில் உள்ள அத்தனை பேனலும் ஒரே வகை. வளையத்துக்கு 72 வீதம் 40 மாடி என்றால் 2,880 பேனல், ஆனால் வகை 40 மட்டும்.

முக்கோணமாகப் போட்டால் அது எப்போதுமே தட்டை, மூன்று புள்ளிக்கு வேறு வழியே கிடையாது. மேல் வளையத்தைச் சரியாக அரைப் பேனல் அளவு தள்ளி வைத்தால் முக்கோணங்கள் எல்லாம் இருசமபக்கமாக வரும், மாடிக்கு இரண்டே வகை, நுனி மேலே இருப்பது ஒன்று, கீழே இருப்பது ஒன்று. சாய்வாகச் சுற்றி ஏறும் கோலமும் கிடைத்துவிடுகிறது, திருகலும் இல்லை.

தட்டைக் கண்ணாடி எப்படி வளைவாகத் தெரிகிறது என்பதற்கும் ஒரு கணக்கு. கெர்கினின் அகலமான இடத்தில் விட்டம் சுமார் 56 மீட்டர், ஆரம் 28. அந்த ஆரத்தில் 1.5 மீட்டர் அகலக் கண்ணாடி போட்டால் வில்லின் நடுவுக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி அகலத்தின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தது, அதாவது ஏறக்குறைய 10 மி.மீ. பக்கத்துப் பக்கத்துக் கண்ணாடிக்கு இடையே திருப்பம் 3 டிகிரி. தெருவில் நிற்கிறவர் கண்ணுக்கு அது வளைவுதான்.

புதுவரைவு

இது இவ்வளவு எளிதாக விளங்கும் என்று நினைக்கவில்லை, நன்றி அண்ணா. அப்படியென்றால் என்னுடையது வேறு வகை. தரைப்படம் வட்டம் இல்லை, உடம்பே முறுக்குகிறது. மாடிக்கோடு சொன்னபடி 41 விளிம்புகளும் எடுத்துவிட்டேன், பேனல் அகலம் இப்போது சீராக 1.5 மீட்டர். ஆனாலும் திருகல் அப்படியே இருக்கிறது. எவ்வளவு திருகல் என்று எப்படி அளப்பது?

கண்ணாடிக்கட்டு

மூன்று மூலையை வைத்து ஒரு சமதளம் எடுங்கள், நாலாவது மூலை அதிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள், அதுதான் உங்கள் எண். அதைக் கிரேடியன்ட்டில் கொடுத்து ஒவ்வொரு பேனலுக்கும் நிறம் பூசிவிடுங்கள். இந்த நிறப்படம் இல்லாமல் வளைந்த முகப்பு மாடலை யாரிடமும் காட்டக்கூடாது என்பது என் கருத்து.

ஆனால் படம் பார்க்காமலே பதில் தெரியும். 60 டிகிரி 40 மாடிக்கு என்றால் மாடிக்கு 1.5 டிகிரி. பேனலின் மேல்விளிம்பு கீழ்விளிம்பைவிட அவ்வளவு திரும்பியிருக்கிறது. நாலாவது மூலை விலகும் தூரம் என்பது பேனல் அகலம் பெருக்கல் அந்தக் கோணத்தின் சைன். 1500 மி.மீ.க்கு 39 மி.மீ. வரும். இதில் மாடி உயரமே இல்லை, கவனியுங்கள். அகலத்தைப் பாதியாக்கினால் திருகலும் பாதியாகும், 20 மி.மீ. துபாயின் கயான் கோபுரத்தில் மாடிக்கு 1.2 டிகிரி, மொத்தம் 90. அதே 1.5 மீட்டர் அகலத்துக்கு அங்கே 31 மி.மீ. வரும்.

நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது இந்த 39 மி.மீ.ஐ யார் ஏற்பது என்பதுதான். கண்ணாடி ஏற்கலாம், வளைத்துப் பொருத்துவது. மூட்டு ஏற்கலாம், முக்கோணமாக உடைப்பது. மாடிகளுக்கு நடுவே உள்ள கிடைமட்ட இடைவெளி ஏற்கலாம், படிப்படியாக வைப்பது. இந்த முடிவு இல்லாமல் கிராஸ்ஹாப்பரில் ஒரு கம்பிகூட இழுக்க வேண்டாம் என்பேன். மூன்றுக்கும் மாடல் முற்றிலும் வேறு.

அடுக்குமாடி

கடைசியில் படம் ரெவிட் என்ற கட்டட வரைபட மென்பொருளில்தான் போகப்போகிறது என்றால் ஏன் ரைனோவில் இவ்வளவு சுற்று? ரெவிட்டில் கன்செப்சுவல் மாஸ் (கட்டடத்தின் மொத்த உருவம்) போட்டு, சர்ஃபேஸை மட்டங்களாலேயே பிரிக்கலாம், மாடிக்கோடு சொன்ன பிரச்சினை அங்கே வராது. நாலு புள்ளி அடாப்டிவ் காம்பொனென்ட், அதாவது கொடுத்த புள்ளிகளுக்கு ஏற்பத் தானே வடிவம் மாறும் பேனல், ஒன்று செய்து அதைப் பரப்பினால் முடிந்தது. மீதிக் கணக்குக்கு டைனமோ, அது ரெவிட்டின் கிராஸ்ஹாப்பர் மாதிரி. எங்கள் அலுவலகத்தில் எல்லாம் அப்படித்தான்.

மாடிக்கோடு

சின்ன கோபுரத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவர் இன்னும் வடிவத்தைத் தேடும் கட்டத்தில் இருக்கிறார். முறுக்கை 60-இலிருந்து 45 ஆக்கினால் திருகல் என்ன ஆகிறது என்று ஸ்லைடரை நகர்த்திக்கொண்டே பார்க்க வேண்டிய நேரம் இது. கிராஸ்ஹாப்பரில் அது உடனே தெரியும். ஆயிரக்கணக்கான அடாப்டிவ் காம்பொனென்ட் உள்ள ரெவிட் ஃபைலில் ஒரு எண்ணை மாற்றிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

நான் செய்வது: வடிவமும் விதிகளும் கிராஸ்ஹாப்பரில், முடிவான மூலைப்புள்ளிகள் மட்டும், ரைனோவை ரெவிட்டோடு இணைக்கும் ரைனோ இன்சைட் வழியாக ரெவிட்டுக்கு. அங்கே அடாப்டிவ் காம்பொனென்ட் அந்தப் புள்ளிகளில் உட்காரும், ஷெட்யூல் வரும், ஷீட் வரும். ரைனோவின் சர்ஃபேஸை அப்படியே ரெவிட்டுக்குள் கொண்டுபோய் அதை வெட்டிக்கொண்டிருப்பதுதான் தப்பு. புள்ளிக்கு எடை கிடையாது, சர்ஃபேஸுக்கு உண்டு.

அடுக்குமாடி

சரி, புள்ளிகள் மட்டும் அனுப்புவது எனக்கும் சம்மதம். ஆனால் புள்ளிகளின் வரிசை எல்லாப் பேனலுக்கும் ஒன்றாக இருக்கட்டும், கீழ் இடதில் தொடங்கி ஒரே திசையில். இல்லாவிட்டால் பாதிப் பேனல் உள்பக்கம் வெளியே திரும்பி உட்காரும், அதைக் கையால் திருத்த முடியாது. மூடிய வளைகோட்டின் தொடக்கப் புள்ளி எல்லா மாடியிலும் ஒரே முனையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு மாடியில் அது நகர்ந்துவிட்டால் அந்த வரிசை முழுக்கச் சாய்ந்து போகும்.

குளிர்வளைவு

கண்ணாடியே ஏற்கட்டுமே, ஏன் யாரும் அதைப் பேசவில்லை? தட்டைக் கண்ணாடியைச் சூடாக்காமல் பிரேமில் வைத்து ஒரு மூலையை மட்டும் அழுத்தித் திருகிப் பூட்டுவது புதிதில்லை. நியூயார்க்கில் ஃபிராங்க் கெரி வடிவமைத்த ஐஏசி கட்டடம் 2007-இலேயே அப்படிக் கட்டப்பட்டது, பாய்மரம் போல் உப்பிய முகப்பு முழுக்க அந்த முறைதான். தோல் வழுவழுப்பாக, உடைப்பே இல்லாமல் வரும். இவர் கோபுரத்துக்கு அதுதான் பொருத்தம்.

கண்ணாடிக்கட்டு

அழகு விஷயத்தில் மறுப்பில்லை. ஆனால் அழுத்திப் பூட்டிய கண்ணாடி ஆயுள் முழுவதும் அந்தத் தகைவைச் சுமக்கிறது, காற்றழுத்தம், வெயில் எல்லாம் அதற்கு மேல். இரட்டைக் கண்ணாடி என்றால் ஓரத்தில் இருக்கும் சீல் சேர்ந்து திருகுகிறது, அது விட்டுப்போனால் உள்ளே பனி படரும். லேமினேட் என்றால் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் படலம் காலப்போக்கில் இளகி நகரும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எத்தனை மி.மீ. வரை திருகலாம் என்பது கண்ணாடியின் தடிமன், அளவு, சீல் எல்லாவற்றையும் பொறுத்தது, தயாரிப்பவரைக் கேட்காமல் 39 என்று எழுதிவிடக்கூடாது.

இன்னொன்று, உடைந்தால் மாற்ற வேண்டும். இருபது வருடம் கழித்து 30-ஆம் மாடியில் ஒரு கண்ணாடி உடைகிறது என்று வையுங்கள். தொங்கும் தொட்டிலில் நின்றுகொண்டு புதிய கண்ணாடியை அதே அளவு திருகிப் பூட்ட யார் இருப்பார்கள்? முகப்பு வடிவமைக்கிறவர்கள் இந்தக் கேள்வியைத் தங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

குளிர்வளைவு

மாற்றும் விஷயம் நியாயமானது, அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் அகலத்தை 750 ஆக்கி 20 மி.மீ. திருகல் என்றால் பேசலாம் அல்லவா?

கண்ணாடிக்கட்டு

பேசலாம். ஆனால் கண்ணாடிகளுக்கு நடுவே நிற்கும் மல்லியன் கம்பிகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும், உள்ளே இருப்பவருக்குக் கம்பிதான் தெரியும். கணக்குப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய விஷயம்தான்.

நான் மூன்றாவது வழியான படிமுறையை, படிப்படியாக வைப்பதை, சொல்வேன், காரணம் ஷாங்காய் கோபுரம். கென்ஸ்லர் வடிவமைப்பு, 632 மீட்டர், 2015-இல் கட்டி முடித்தார்கள். முனை மழுங்கிய முக்கோணம், சுமார் 120 டிகிரி முறுக்கு, மேலே ஒடுங்குகிறது, பக்கத்தில் மேல் வரை ஒரு வெட்டுத்தடம். அந்த வடிவத்தால் காற்றுச் சுமை 24 சதவீதம் குறைந்தது என்பது வடிவமைப்பாளர்கள் தந்த கணக்கு, அதாவது முறுக்கு அலங்காரத்துக்கு மட்டும் வந்ததில்லை. வெளித்தோலில் 20,000-க்கும் மேற்பட்ட பேனல்கள், வெவ்வேறு வடிவம் மட்டுமே 7,000-க்கு மேல். இதைக் கையால் வரைவது நடக்காத காரியம், கிராஸ்ஹாப்பரில்தான் விதியாக எழுதினார்கள்.

ஆனால் அங்கே கண்ணாடி சாயவில்லை என்பதைப் பாருங்கள். செங்குத்தாக நிற்கிறது. ஒரு வரிசை முடிந்ததும் மேல்வரிசை சற்றுத் தள்ளித் தொடங்குகிறது, நடுவில் கிடைமட்டமாக ஒரு விளிம்பு. தூரத்தில் வழுவழுப்பாகத் தெரியும் அந்த உடம்பு கிட்டப்போனால் படிக்கட்டு. செங்குத்துக் கண்ணாடி என்பதால் வெளிச்சம் பிரதிபலிக்கும் தொல்லையும் குறைந்தது.

உங்கள் கோபுரத்துக்கு இதைப் பொருத்தினால் ஒவ்வொரு பேனலும் செவ்வகம் ஆகிவிடும். மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் அந்த மாடியின் கோட்டையே பின்பற்றுகின்றன, அதனால் திருகல் பூஜ்யம். மேலே ஒடுங்குவதற்கும் வழி உண்டு: பேனல் அகலத்தை மாற்றாமல் 1.5-இலேயே வைத்து, மிச்சத்தை மூன்று முனைகளிலும் தள்ளிவிடுங்கள். வகைகள் மளமளவென்று குறையும்.

நிழற்கணக்கு

பிரதிபலிப்பு என்று வந்ததால் ஒரு எச்சரிக்கை. யாராவது இதைப் படித்துவிட்டு உள்வாங்கிய வளைவு போட நினைத்தால், முதலில் லண்டனின் 20 ஃபென்சர்ச் தெருக் கட்டடத்தைப் பற்றிப் படியுங்கள். அதன் தென்முகப்பு உட்குழிவு. 2013-இல் வெயில் அதில் பட்டுத் தெருவில் ஓரிடத்தில் குவிந்து, நிறுத்தியிருந்த ஜாகுவார் காரின் பாகங்கள் உருகின. அடுத்த வருடம் முகப்பில் வெயில் தடுப்புப் பட்டைகள் பொருத்தினார்கள். அதே கட்டடக்கலைஞர் ரஃபேல் வின்யோலி வடிவமைத்த லாஸ் வேகஸ் வ்தாரா ஓட்டலிலும் உட்குழிவு முகப்பால் நீச்சல் குளத்தருகே இதே தொல்லை 2010-இலேயே பேசப்பட்டது.

ஒவ்வொரு பேனலும் எந்தப் பக்கம் பார்க்கிறது, அதாவது அதன் பரப்புக்குச் செங்குத்தான திசை, உங்கள் மாடலில் ஏற்கெனவே இருக்கிறது. வருடத்தின் சில நாட்களுக்குச் சூரியத் திசையை எடுத்து, ஒவ்வொரு பேனலிலிருந்தும் பிரதிபலிக்கும் கதிரைத் தரை வரை நீட்டி, எங்கே கூடுகிறது என்று பார்ப்பது பெரிய வேலை இல்லை. கிராஸ்ஹாப்பரில் சூரியக் கணக்குப் போடும் லேடிபக் வைத்துச் செய்யலாம். வெளியே உப்பிய வளைவு கதிரைச் சிதறடிக்கும், அதனால் இவருக்குப் பயமில்லை, ஆனாலும் பழக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

புதுவரைவு

படிமுறை போட்டுப் பார்த்தேன். பேனல் எல்லாம் செவ்வகம், நிறப்படம் முழுக்கப் பச்சை, மனது நிறைந்துவிட்டது. ஒரு சந்தேகம். படியின் ஆழம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். முக்கோணப் பக்கத்தின் நடுவில் படியே இல்லை, முனையை நெருங்க நெருங்க ஆழமாகிறது, ஒரு பாதியில் வெளியே நீட்டிக்கொண்டும் மறுபாதியில் உள்ளே போயும் இருக்கிறது. இது சரிதானா?

கண்ணாடிக்கட்டு

சரிதான் தம்பி, அதுதான் இந்த வடிவத்தின் இயல்பு. மையத்திலிருந்து 20 மீட்டரில் இருக்கும் ஒரு புள்ளி மாடிக்கு 1.5 டிகிரி திரும்பினால் சுமார் 520 மி.மீ. நகர்கிறது. ஆனால் நகர்வது ஆரத்துக்குச் செங்குத்தாக. முகப்பு அந்த இடத்தில் ஆரத்தின் திசையிலேயே வெளியே பார்த்தால் நகர்வு முழுக்க முகப்போடு சேர்ந்தே போய்விடும், படி வராது. பக்கத்தின் நடுவில் அதுதான் நிலை. முகப்பின் திசை ஆரத்தைவிட 15 டிகிரி விலகியிருந்தால் படி 135 மி.மீ., 30 டிகிரி என்றால் 260. ஒரு முனையிலிருந்து பார்த்தால், சுழற்சி போகும் பக்கத்தில் மேல்மாடி நீட்டும், மறுபக்கத்தில் உள்வாங்கும்.

நீட்டும் இடத்தில் கீழே தெரியும் அடிப்பரப்புக்கு வெப்பக்காப்பு வேண்டும். உள்வாங்கும் இடத்தில் மழைநீர் தேங்கும் விளிம்பு வரும், வெளிப்பக்கம் சரிவு கொடுங்கள். இரண்டும் வெவ்வேறு டீட்டெயில், மாடலிலேயே இரண்டு குழுவாகப் பிரித்துவிடுங்கள். படி ஆழம் நேரா எதிரா என்று பார்த்தால் குறி தானே சொல்லிவிடும்.

மாடிக்கோடு

இன்னொரு வழியும் இங்கே பதிவாகட்டும். கண்ணாடியை வளைவிலிருந்து முழுக்க விடுவித்துவிடலாம். சிகாகோவில் ஸ்டுடியோ கேங் வடிவமைத்த அக்வா கோபுரம், 82 மாடி. அலை அலையாகத் தெரிவது பால்கனி ஸ்லாப் விளிம்பு, பின்னால் கண்ணாடி சாதாரணம். வளைவு முழுக்கக் கான்கிரீட்டின் ஓரத்தில். மாடிக்கு மாடி மாறும் ஒரு கோட்டின் ஆயத்தொலைவுகளைத் தளத்துக்குக் கொடுத்தால் போதும், ஷட்டரிங் ஆட்கள் அதை வளைத்து வைத்துவிடுவார்கள். பணம் குறைவான இடத்தில் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

குளிர்வளைவு

கங்காரு (விசைகளால் வடிவத்தைச் சரிசெய்யும் கிராஸ்ஹாப்பர் கருவி) வைத்து நாலுமூலைப் பேனல்களை இழுத்துத் தட்டையாக்குவது பற்றி யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன். வியன்னாவில் ஹெல்முட் போட்மன் குழு செய்த தட்டை நாற்கர வலை ஆராய்ச்சியெல்லாம் அந்தத் திசைதானே?

மாடிக்கோடு

ஆமாம், கூரைகளுக்கு அருமையான வழி. கோபுரத்தில் சிக்கல் என்னவென்றால் தட்டையாக்கும்போது மூலைப்புள்ளிகள் நகரும், நகர்ந்தால் ஸ்லாப் மட்டத்தை விட்டுப்போகும். மட்டத்தில் பூட்டினால் நகர இடம் குறைவு, விடை திருப்தியாக வராது. கூரைக்கு மாடி கிடையாது, அதனால் அங்கே சுதந்திரம்.

புதுவரைவு

இரண்டு குழுவாகப் பிரித்துவிட்டேன், நீட்டுவது, உள்வாங்குவது. பேனலுக்கு எண் கொடுக்கும்போது மாடி, பக்கம், வரிசை என்று வைக்கலாமா, இல்லை வகை எண் மட்டும் போதுமா?

அடுக்குமாடி

இரண்டும் வேண்டும். வகை எண் பட்டறைக்கு, எத்தனை வெட்டுவது என்று அவர்களுக்குத் தெரிய. இட எண் தளத்துக்கு, எங்கே மாட்டுவது என்று அவர்களுக்குத் தெரிய. மாடி, பக்கம், வரிசை நல்ல முறைதான், எண்ணிக்கை எல்லா மாடியிலும் ஒரே முனையில் தொடங்கட்டும். வகை பிரிக்கும்போது அளவை மி.மீ.க்கு முழுமையாக்கிய பிறகு ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் 1500.0001-ஐயும் 1500-ஐயும் வேறு வகை என்று எண்ணி லிஸ்ட் வீங்கிவிடும்.

புதுவரைவு

செய்தேன். அளவை முழுமையாக்கியதும் லிஸ்ட் சட்டென்று சுருங்கிவிட்டது. பக்கங்களில் ஒரே வகை, மிச்சமெல்லாம் முனைகளில்தான். முனைப் பேனல்களின் டீட்டெயிலைத் தனி இழையாகப் போடுகிறேன், கண்ணாடிக்கட்டு அண்ணா அங்கேயும் ஒருமுறை வந்து பாருங்கள்.